வினாத்தொகுதியும் நோயாளியின் கட்டிலும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, நோயாளியின் அருகே நின்று பணிபுரிபவனையும் வள்ளுவர் ஒரு கூறாக வைத்தார். அவனுக்கு அவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். பக்கத்தே செல்பவன் என்பது பெயரின் விளக்கம். தாதியின் இலக்கணத்தை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது.

இன்று உலகின் பல பாகங்களிலும் தாதியின் தகுதியைத் தீர்மானிப்பது உரிமப் பரீட்சையாகும். அப்பரீட்சை வேண்டியதே என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பரீட்சைக்காகப் பயிலும் முறை, நோயாளியின் பக்கத்தே சென்று பெறவேண்டிய அறிவின் இடத்தைக் கைப்பற்றத் தொடங்கியுள்ளது. வினாத்தொகுதியை மீட்டல் ‘மருத்துவ அறிவைப் பயிலுதல்’ என்னும் பெயரால் வழங்கப்படுகின்றது. இப்பெயர் பொய்யானது; அப்பொய்க்கு விலை கொடுப்பவன் கட்டிலிற் கிடக்கும் நோயாளி. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உரிமத்தின் வரலாற்றை ஒருவாறு அறிதல் வேண்டும். தாதியரைச் சட்டத்தாற் பதிவு செய்யத் தொடங்கிய முதல் நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் வட கரோலினா, ஆண்டு 1903. அதற்கு முன்னர் எவரும் தம்மைத் தாதி என்று கூறிக்கொண்டு நோயாளியின் வீட்டுட் புகலாம் என்ற நிலை இருந்தது. எனவே உரிமம் என்பது மக்களைக் காத்தற்கு எழுந்த வேலி. 1944ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டின் மாநிலங்கள் ஒரு பொது வினாத்தொகுப்பைப் பயன்படுத்தத் தலைப்பட்டன. மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை நோய், உளநோய் என ஐந்து பகுதிகளாக நடந்த அப்பரீட்சை, 1982இல் ஒன்றாக இணைக்கப்பட்டு ‘என்சிலெக்ஸ்’ என்னும் பெயர் பெற்றது. 1994இல் அது கணினிக்கு மாறியது.

கணினிப் பரீட்சையின் இயங்குமுறை நுட்பமானது. பரீட்சார்த்தி சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். அவரது திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே உள்ளதோ கீழே உள்ளதோ என்பது 95 சதவீத உறுதியோடு புலப்பட்டதும் கணினி நின்றுவிடும். 2023 ஏப்ரலில் அறிமுகமான வடிவத்தில் வினாக்கள் குறைந்தது 85, கூடியது 150. காலம் ஐந்து மணித்தியாலம். அமெரிக்காவுக்கோ கனடாவின் பெரும் பகுதிக்கோ தொழில் தேடிச் செல்லும் இலங்கை, இந்திய, பிலிப்பைன்ஸ் தாதியர் கடக்கவேண்டிய வாயிலும் இதுவே. எனவே இது பிறநாட்டார் விவகாரம் என்று ஒதுக்கத்தக்கதன்று.

வாயில் இருக்குமிடத்தில் வணிகன் கடை விரிப்பது இயல்பு. இப்பரீட்சையைச் சுற்றிப் பெரியதொரு சந்தை எழுந்துள்ளது. ஆயிரக்கணக்கான பயிற்சி வினாக்கள் சந்தாவுக்கு விற்கப்படுகின்றன. நாளொன்றுக்கு இத்தனை வினா என்று மாணவர் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்கின்றனர். இச்சந்தையில் வினாக்களோடு சேர்த்து விற்கப்படும் இன்னொரு பண்டம் உண்டு. அதுதான் உபாயம். சுவாசப்பாதை, சுவாசம், குருதியோட்டம் என்ற வரிசையில் முதலில் வருவதைத் தெரிக. ‘எப்பொழுதும்’, ‘ஒருபோதும்’ என்னும் சொற்கள் அமைந்த விடையை விலக்குக. ‘வைத்தியருக்கு அறிவித்தல்’ என்பதை முதல் விடையாகக் கொள்ளற்க. ஒன்றுக்கொன்று முரணான இரு விடைகள் காணப்படின் அவற்றுள் ஒன்றே சரியானது. இவை போன்றவை மந்திரம்போல் உருவேற்றப்படுகின்றன.

இவ்வுபாயங்களை ஒவ்வொன்றாகக் கட்டிலருகே கொண்டுசென்று பார்த்தல் தகும். செறிந்த பொற்றாசியம் குளோரைட்டை நேரே நாளத்துள் ஊசியாற் செலுத்துதல் ஒருபோதும் கூடாது. செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ‘ஒருபோதும்’ என்ற சொல்லைக் கண்டு விடையை விலக்கப் பழகிய மனம், தாதிமைத் தொழிலின் மிக இன்றியமையாத விலக்குகளுள் ஒன்றைச் சொல்லளவில் ஐயுறப் பழகுகின்றது. தொடையில் நாடி அறுந்து குருதி பீறிடுபவனிடத்து, குருதியை அமுக்கி நிறுத்துவதே முதற்பணி. மனனஞ் செய்த வரிசையை ஒப்புவித்துக்கொண்டு அவனது சுவாசத்தை முதலில் ஆராய்பவள் வரிசையைக் காப்பாற்றி மனிதனை இழப்பாள். கால் முறிந்து சாந்துக் கட்டு இடப்பட்ட இளைஞன் ஒருவனுக்கு, வலிநிவாரணி கொடுத்த பின்னரும் நோவு ஏறிக்கொண்டே செல்கிறது, விரலைச் சற்று அசைத்தாலும் தாங்கமுடியவில்லை, பாதம் விறைக்கிறது. தசைக்கட்டினுள்ளே அமுக்கம் கூடிக் குருதியோட்டம் தடைப்படும் நிலை அது. சிலமணி நேரத் தாமதம் அவனது காலைப் பறித்துவிடக்கூடும். அங்கே வைத்தியரை உடனே அழைப்பதே தாதியின் தலையாய கடமை. வைத்தியரை அழைத்தல் ‘தவறான விடை’ என்று பழகிய கை தொலைபேசியை எடுக்கத் தயங்குமாயின், அத்தயக்கத்தைக் கற்பித்தவர் யார்?

உபாயம் விற்போர் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருப்பர். அவை பரீட்சை மண்டபத்துக்கு மட்டும் உரியவை. விடுதிக்குட் செல்லும்போது மாணவி அவற்றைக் களைந்துவிடுவாள் என்பர். பழக்கத்தின் இயல்பை அறிந்த எவரும் இதனை ஒப்பார். மாதக்கணக்காக நாள்தோறும் ஒரே முறையிற் சிந்தித்த மனம், அம்முறையை வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு உட்செல்ல அது செருப்பன்று.

இதனால் பயிற்சி வினாக்கள் முற்றாகப் பயனற்றவை என்று முடிவு செய்தலும் தவறாகும். நல்ல வினா ஒன்று நல்ல ஆசிரியனின் பணியைச் செய்யவல்லது. டிகொட்சின் என்னும் இதய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். அதனைக் கொடுக்குமுன் இதய உச்சித் துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். வளர்ந்தவரிடத்து அது 60க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்திவைத்து வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது பாடம். இதனை வினாவாகக் கேட்டு, ஏன் என்பதையும் விளக்கினால், மாணவி பலவற்றை ஒருங்கே அறிவாள். அம்மருந்து இதயத் துடிப்பை மந்தப்படுத்தும். சிறுநீர் பெருக்கும் மருந்தால் உடலிற் பொற்றாசியம் குறைந்திருப்பின் அதன் நச்சுத்தன்மை கூடும். பசியின்மையும் சத்தியும் பொருள்கள் மஞ்சளாகத் தோன்றுதலும் அந்நச்சின் அறிகுறிகள். இவ்வாறு காரணம் அறிந்தவள், நோயாளி சோற்றை ஒதுக்கி வைத்ததைக் கண்டாற்கூட மருந்தேட்டைப் புரட்டிப் பார்ப்பாள். 60 என்ற எண்ணை மட்டும் மனனஞ் செய்தவள், 60 பற்றிய வினா வருமளவும் காத்திருப்பாள். ஆகவே வினாவிலன்று குற்றம். காரணத்தை விலக்கி விடையை விற்பதும், விடை மிகுந்தால் அறிவு மிகும் என்று நம்பச் செய்வதுமே குற்றமாகும்.

ஆயினும் மிகச் சிறந்த வினாவுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் காண்பதற்கு யாழ்ப்பாணத்து வைத்தியசாலையொன்றின் சத்திரசிகிச்சை விடுதியைக் கற்பனை செய்தால் போதும். இரவு. கட்டில்களெல்லாம் நிரம்பி, நடைபாதையிலும் பாய் விரித்திருக்கிறது. அன்று காலை வயிற்றிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட மூதாட்டி ஒருவர் புரண்டு புரண்டு படுக்கிறார். ‘ஒருமாதிரி அந்தரமாய்க் கிடக்குது பிள்ளை, தண்ணி விடாய்க்குது’ என்கிறார். குருதியமுக்கம் ஏறத்தாழ வழமைபோல் உள்ளது. வினாத்தாளில் இதே மூதாட்டி வேறு உருவில் வருவார்: அமைதியின்மை, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118, குளிர்ந்த ஈரத்தோல், தாதி முதலிற் செய்யவேண்டியது யாது? அவ்வினாவைப் படிக்கும் மாணவிக்கு உட்குருதிப் பெருக்கு என்பது உடனே விளங்கும். குருதியமுக்கம் வீழ்வது பிந்திய அறிகுறி, அமைதியின்மையும் நாடி விரைவும் முந்திய அறிகுறிகள் என்பதை அவள் பலமுறை படித்திருக்கிறாள்.

விடுதியில் அவ்வறிகுறிகளை எவரும் எழுதி வைக்கவில்லை. அந்தரம் என்ற சொல் பாடநூலில் இல்லை. விடாய் அறுவைக்குப் பின் பலருக்கும் வருவது. நாடியை எண்ணவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. எண்ணினாலன்றி 118 என்ற எண் பிறப்பதேயில்லை. அதே வேளையில் அடுத்த கட்டிலில் ஒருவர் சத்தியெடுக்கிறார். மற்றொருவரின் சேலைன் தீர்ந்துவிட்டது. உறவினர் ஒருவர் வாயிலில் நின்று சச்சரவிடுகிறார். வினாத்தாள், தேவையானவற்றை உலகினின்றும் பிரித்தெடுத்து நான்கு வரியிற் கொடுத்துவிடுகிறது. அப்பிரித்தெடுத்தலே தாதியின் அறிவு. அதனைப் பரீட்சகரே செய்து முடித்துவிட்டு, எஞ்சியதை மாணவியிடம் கேட்கிறார்.

இக்குறையைப் பரீட்சை நடத்துவோர் அறியாதவரல்லர். 2023ஆம் ஆண்டின் மாற்றம் இதன் பொருட்டே வந்தது. குறிகளை இனங்காணல், அவற்றை ஆராய்தல், சாத்தியங்களை வரிசைப்படுத்தல், தீர்வுகளை வகுத்தல், செயற்படல், விளைவை மதிப்பிடல் என ஆறு படிகளாகத் தாதியின் தீர்மானத்தை அவர்கள் பகுத்தனர். ஒரே நோயாளி பற்றிய குறிப்பேட்டைத் திரையில் விரித்து, ஆறு வினாக்களைத் தொடராகக் கேட்கும் முறையைப் புகுத்தினர். ஒரு பகுதி சரியான விடைக்கும் புள்ளி வழங்கினர். இது முன்னேற்றமே, மறுப்பது நேர்மையன்று. எனினும் முதற்படியாகிய குறிகளை இனங்காணலை உற்றுநோக்கின், பழைய குறை அங்கேயே நிற்பது தெரியும். எழுதிய குறிப்பேட்டிலிருந்து குறியைத் தெரிவது வேறு. குறிப்பேட்டில் எழுதவேண்டிய குறியை மனித உடலிற் காண்பது வேறு. முன்னையது வாசிப்பு, பின்னையது அவதானம். புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் வெளியிட்ட தாதிமை பற்றிய நூலில் நோயாளரை அவதானித்தலுக்கு ஒரு தனி அத்தியாயத்தையே ஒதுக்கினார். சந்தையோ, புதிய வடிவம் வந்த மாத்திரத்தே, புதிய வடிவ வினாக்களையும் அவற்றுக்குரிய புதிய உபாயங்களையும் விற்கத் தொடங்கிவிட்டது.

பரீட்சையிற் சித்தி என்பது கட்டிலருகே பெற்ற பயிற்சிக்குச் சான்று ஆகுமா என்பதற்கு அமெரிக்காவிலேயே கசப்பான விடை கிடைத்தது. 2023 ஜனவரியில் அந்நாட்டுச் சமஷ்டி அதிகாரிகள் ஒரு மோசடியை வெளிப்படுத்தினர். புளோரிடா மாநிலத்தில் இயங்கிய மூன்று தாதியர் கல்வி நிலையங்களிலிருந்து 7,600க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. வாங்கியோர் அக்கல்வியையோ களப்பயிற்சியையோ முடித்தவரல்லர். அவர்களுள் ஏறத்தாழ 2,400 பேர் உரிமப் பரீட்சையிற் சித்தியெய்தினர். அவர்களிற் சிலர் முன்னரே கீழ்நிலைத் தாதியராகப் பணியாற்றி அனுபவம் பெற்றிருந்தனர் என்று சமாதானம் கூறப்படலாம். அது உண்மையே. ஆனால் அச்சமாதானம் பரீட்சைக்குத் துணை நிற்கவில்லை. அனுபவம் உடையவரையும் இல்லாதவரையும் வேறுபடுத்தி அறிதற்கன்றோ பரீட்சை? சான்றிதழை விலைக்கு வாங்கி, வினாத்தொகுதியையும் வாங்கிப் பயின்றவர் வாயிலைக் கடந்துவிட முடியுமாயின், வாயில் அளந்தது எதனை?

பரீட்சையின் ஆதிக்கம் கல்வி நிலையங்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், ஒரு நிலையத்தின் மாணவர் முதல் முயற்சியில் 80 சதவீதமளவு சித்தியெய்தாவிடின் அந்நிலையத்தின் அங்கீகாரமே கேள்விக்குள்ளாகும். இதன் விளைவு யாதெனில், தேறமாட்டார் என அஞ்சப்படும் மாணவரை இறுதிக் கட்டத்தில் முன்னோட்டப் பரீட்சை வைத்துத் தடுத்தலும், பாட நேரத்தை வினாப் பயிற்சிக்கு ஒதுக்குதலும் ஆகும். கட்டிலருகேயுள்ள காலமும் சுருங்குகின்றது. 2014இல் வெளிவந்த அமெரிக்கத் தேசிய ஆய்வு ஒன்று, களப்பயிற்சி நேரத்தின் பாதிவரை பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்யலாம் என்று கண்டது. தகுந்த பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதிய கருவிகளும் பயிற்சியின் பின் ஆழ்ந்த கலந்துரையாடலும் இருத்தல் வேண்டும் என்பது அவ்வாய்வின் நிபந்தனை. சமத்துவத்தை நிறுவ அது பயன்படுத்திய அளவுகோல்களுள் உரிமப் பரீட்சைச் சித்தியும் ஒன்று. நிபந்தனையை மறந்து, பாதி என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கும் நிருவாகிக்கு இதனைவிட வாய்ப்பான ஆய்வு வேறில்லை.

இனி மொழிக்கு வருதல் வேண்டும். கனடா 2015ஆம் ஆண்டு முதல் தனது பழைய தாதியர் பரீட்சையைக் கைவிட்டு இந்த அமெரிக்கப் பரீட்சையை ஏற்றது. ஆங்கிலமும் பிரெஞ்சும் சமநிலையில் ஆட்சிமொழியாயுள்ள நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், பிரெஞ்சு மொழியிற் பயின்ற மாணவரின் சித்தி பெரிதும் வீழ்ந்தது. அவர்கள் ஒரே ஆண்டில் அறிவிழந்துவிட்டனரா? பரீட்சை பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. ஆனால் பயிற்சி வினாத்தொகுதிகளும் கையேடுகளும் ஆங்கிலத்திற் குவிந்துகிடக்க, பிரெஞ்சில் அவை அரிதாகவே இருந்தன. 2018இல் அம்மாகாணத்தின் ஆட்சிமொழி ஆணையாளர், தாதியர் சங்கம் மொழிச் சட்டத்தின்படி தனக்குரிய கடப்பாட்டை மீறியதாக அறிக்கையிட்டார். மொழியால் பரீட்சைக் களத்திற் பின்தள்ளப்படுதல் யாது என்பதை இலங்கைத் தமிழ் வாசகருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. இங்கு நோக்கவேண்டியது பிறிதொன்று. பயிற்சி வினா இல்லாதபோது சித்தி வீழுமாயின், அப்பரீட்சை அளப்பதிற் கணிசமான பங்கு பயிற்சி வினாவின் பழக்கமே என்ற ஐயம் வலுவடைகின்றது.

நோயாளியின் மொழி இதனினும் பாரதூரமானது. ‘நெஞ்சு எரியுது’ என்று ஒருவர் சொல்வது இரைப்பையின் அமிலத்தையும் குறிக்கலாம். இதயத்தின் வருத்தத்தையும் குறிக்கலாம். ‘களைக்குது’ என்பது வெறும் சோர்வாகவும் இருக்கலாம்; மூச்செடுக்க முடியாத நிலையாகவும் இருக்கலாம். தொய்வு, முட்டு, அந்தரம், விறைப்பு என்னும் சொற்களுக்கு ஊருக்கு ஊர் சாயல் வேறு. இவற்றைத் தெளிந்துகொள்ள எந்த வினாத்தொகுதியும் உதவாது. கேட்டுக் கேட்டே அறியவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னாளில் ஆங்கிலத்தை விடுத்துத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் ஊரை விட்டு அரச உத்தியோகத்துக்குச் சென்றுவிட, ஊரவர் மத்தியில் நிலைக்கும் வைத்தியரை உருவாக்குதல் அவரது நோக்கங்களுள் ஒன்று. அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், மாணவி சிந்திப்பது ஒரு மொழி, நோயாளி வருந்துவது ஒரு மொழி என்ற பிளவு ஒழியவில்லை. கடல் கடந்த பரீட்சைக்கான வினாத்தொகுதி அப்பிளவை மேலும் அகலச் செய்கின்றது.

இந்நோய் அமெரிக்காவிற் பிறந்தது என்று சொல்லித் தப்புதலும் இயலாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடக்கம் உயர்தரம் வரை, மாதிரி வினாத்தாளும் அனுமான வினாவும் ரியூட்டரியுமாக வளர்க்கப்பட்ட சமூகம் இது. இங்கு தாதியர் பயிற்சிக்குச் செல்லும் மாணவி பதின்மூன்று வருடமாகப் பரீட்சகரின் மனத்தை வாசிக்கப் பழகியவள். நோயாளியின் முகத்தை வாசிக்க அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அவள்மீது பழி சுமத்துதல் அநீதி. குடும்பத்தின் கடனும் நாட்டின் பொருளாதார நெருக்கடியும் அவளை வெளிநாட்டுக்குத் தள்ளுகின்றன. வினாத்தொகுதி அவளுக்குக் கிடைத்த ஒரே தோணி. கண்டிக்கப்படவேண்டியது தோணியையே கரை என்று விற்பவரும், அவ்விற்பனைக்குத் துணைபோகும் கல்வி நிலையங்களுமே.

செய்யவேண்டியது யாது? பரீட்சையை ஒழித்தல் அன்று. அதனை அதற்குரிய இடத்தில் நிறுத்தல். பிரித்தானியா, வெளிநாட்டிற் பயின்ற தாதியருக்கு 2014 முதல் கணினிப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையொன்றையும் விதித்துள்ளது. அங்கே பரீட்சார்த்தி செய்துகாட்ட வேண்டும். பரீட்சகர் நின்று பார்க்கிறார். அதுவும் மெய்யான விடுதியன்று என்பது உண்மை. எனினும் செயலைச் செயலாலேயே அளத்தல் செலவு மிக்கது, நடவாதது என்னும் வாதத்தை அது தகர்த்துவிடுகின்றது. அடுத்து, கட்டிலருகே மாணவி கழித்த நேரம் கையொப்பத்தால் எண்ணப்படாமல், மூத்த தாதியொருவர் கண்ணாற் கண்டு மதிப்பிட்டதாக இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, வினாப் பயிற்சியைத் தலைகீழாக்க வேண்டும். அன்று தான் பார்த்த நோயாளியைக் கொண்டு மாணவியே ஒரு வினாவை எழுதட்டும். சரியான விடைக்கு மட்டுமன்றி ஒவ்வொரு தவறான விடைக்கும் காரணம் கூறட்டும். நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, அதன் மருத்துவப் பொருளை அருகே எழுதட்டும். இதற்குச் சந்தா வேண்டியதில்லை. ஒரு குறிப்புப் புத்தகமும், கேள்விக்கு நேரம் ஒதுக்கும் ஓர் ஆசிரியரும் போதும்.

இவ்வாறு பயின்ற மாணவி என்சிலெக்ஸ் முதலிய எந்தப் பரீட்சையிலும் பின்தங்கமாட்டாள். காரணம் அறிந்தவளை வினாவின் வடிவம் மயக்காது. அவள் கடல் கடந்து சென்றாலும், யாழ்ப்பாணத்து விடுதியிலேயே நின்றாலும், நள்ளிரவில் ‘அந்தரமாய்க் கிடக்குது’ என்ற குரல் கேட்டதும் எழுந்து சென்று நாடியைப் பிடித்துப் பார்ப்பாள். தாதியர் கல்வியை வகுப்போரும், உரிமம் வழங்குவோரும், பயிற்சி என்ற பெயரிற் பண்டம் விற்போரும் அந்த மூதாட்டியின் கட்டிலருகே வந்து நின்று தத்தம் முறைக்கு நியாயம் கூறட்டும்.